பிராணவாயுவும் பிஞ்சு விழிகளும்

கண்ணொளி மங்குவதற்குக் காரணங்கள் பல உள. சத்துணவின்றிப் பார்வையிழந்த பிள்ளைகளைப் பற்றி நாம் அறிவோம். பெரியம்மையால் கண்ணிழந்தோர் நம் பாட்டனார் காலத்தில் ஊருக்கு ஒருவரேனும் இருந்தனர். சர்க்கரை நோய், முதுமை, விபத்து என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவையெல்லாம் வறுமையாலோ, வயதாலோ, கவனக்குறைவாலோ வருபவை. ஆனால் மிகுந்த கவனிப்பினாலேயே, அதுவும் மிகச் சிறந்த மருத்துவமனைகளிலேயே, தோன்றிப் பரவிய குருட்டுத்தன்மை ஒன்றும் உண்டு என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் அந்த நோயைப் பற்றிக் கடந்த சில ஆண்டுகளாக நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, கைக்குக் கிட்டியவற்றையெல்லாம் படித்து வருகிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மற்றவர் அஞ்சலகத்தில் பணியாற்றியவர். 2019ஆம் ஆண்டில் எங்கள் மகளின் முதற்குழந்தை 31 வாரங்களிலேயே பிறந்துவிட்டது. எடை 1,350 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கையைவிடச் சற்றே நீண்ட ஓர் உடல்; மூக்கில் மெல்லிய குழாய்; காலில் சிவப்பு ஒளி வீசும் சிறு பட்டை. பெட்டியின் மேல் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டேயிருந்தது. 92, 94, 91 என்று அது ஏறி இறங்கும்போதெல்லாம் எங்கள் உயிரும் ஏறி இறங்கியது. அது குழந்தையின் இரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவு என்றார் அங்கிருந்த தாதி. "நூறு வரும்படி வைக்கக்கூடாதா, சிஸ்டர்?" என்று எங்கள் மகள் கேட்டாள். தாய் கேட்கக்கூடிய கேள்விதான். "வேண்டாம்மா, நூறு ஆகாது. கண்ணுக்குக் கெடுதல்" என்றார் தாதி. மூச்சுக்கு நல்லது கண்ணுக்கு எப்படிக் கெடுதலாகும் என்று எங்களுக்கு அன்று விளங்கவில்லை. பின்னாளில் நாங்கள் தேடிப் படித்ததெல்லாம் அந்த ஒரு விடையின் பொருளை அறிவதற்காகவே.

1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதக் குழந்தைகள் சிலரின் கண்களில் வில்லைக்குப் பின்புறம் வெண்மையான சவ்வொன்று படர்ந்திருப்பதை முதன்முதலில் எழுதி வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் அது ஒரு கொள்ளைநோய் போலப் பரவியது. 1953க்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்துவிட்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குழந்தைகள். இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் அவர்களுள் ஒருவர். 1950இல் குறைமாதத்தில் பிறந்தவர். வியப்பு என்னவெனில், ஏழை நாடுகளில் இந்நோய் ஏறக்குறைய இல்லை. பெரிய நகரங்களில், புதிய கருவிகளை வாங்க வல்ல மருத்துவமனைகளில்தான் அது செழித்தது. ஒரு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று நல்லதொரு பிரிவு திறந்தால் சிறிது காலத்தில் அங்கே குருட்டுக் குழந்தைகளும் தோன்றினர்.

காரணம் தேடி எத்தனையோ வழிகளில் அலைந்தனர். வெளிச்சமா, வைட்டமின் குறைவா, இரும்புச்சத்தா, பாலா, தாயின் நோயா என்று ஒவ்வொன்றாகப் பழி சுமத்தினர். இந்தத் தேடலில் எங்கள் மனத்தைப் பெரிதும் தொட்டது நியூயார்க்கின் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவரின் அனுபவம். 1949ஆம் ஆண்டளவில் அவர் நோய் தோன்றிய குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 31 குழந்தைகளில் 25 பேர் பார்வை கெடாமல் தப்பினர். மருந்து கொடுக்காத மற்றொரு மருத்துவமனையிலோ 7 பேரில் 6 பேர் கண்ணிழந்தனர். இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமா? வேறொருவராயின் அன்றே வெற்றி முரசு கொட்டியிருப்பார். சில்வர்மனும் அவருடைய தோழர்களும் அவ்வாறு செய்யவில்லை. சீட்டுப் போடுவது போலக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்துச் சோதித்தனர். மருந்து பெற்றவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பார்வையிழந்தனர். பெறாதவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினரே. மரணமும் மருந்து பெற்றவர்களிடையேதான் மிகுதி. இந்நோய் தொடங்கிய குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு அது தானாகவே தணிந்துவிடும் என்பதை அன்று எவரும் அறியார். இயற்கை செய்த நன்மைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சில்வர்மன், சோதித்துப் பாராத வைத்தியத்தை நம்பாதீர் என்று சக மருத்துவர்களிடம் வாதாடிக்கொண்டேயிருந்தார்.

மெய்யான காரணத்தை முதலில் சுட்டியவர்களுள் பெண்மணிகள் இருவர் முக்கியமானோர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கேட் காம்ப்பெல் அம்மையார் 1951இல் சில மருத்துவமனைகளின் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பிராணவாயுவைத் தாராளமாக வழங்கிய இடத்தில் 100க்கு ஏறத்தாழ 19 குழந்தைகளுக்கு நோய்; சிக்கனமாக வழங்கிய இடங்களில் 7 பேருக்கே. அதே காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மேரி கிராஸ் அம்மையார், 1948இல் நாட்டு மருத்துவத்துறையை அரசு ஏற்று, பிராணவாயுக் கருவிகள் பெருகிய பின்னரே தம் பிரிவில் இந்நோய் தலைகாட்டியதைக் கண்டார். குழந்தைக்குக் குறையொன்றும் வைக்கலாகாது என்று நிரப்பி வைத்த வாயுவே வினையாயிற்று!

ஐயம் எழுவது எளிது, மெய்ப்பிப்பது எளிதன்று. வாஷிங்டன் நகரின் காலிங்கர் மருத்துவமனையில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் மருத்துவர் 1951இல் அதற்குத் துணிந்தார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கம் போல மிகுதியாகவும், மறு பிரிவினர்க்குத் தேவைக்கு மட்டும் அளவாகவும் பிராணவாயு கொடுக்க ஏற்பாடாயிற்று. இரவுப் பணியிலிருந்த தாதியருக்கு இது பொறுக்கவில்லை. குழந்தைகளை மூச்சுத் திணறச் செய்து கொல்லப் பார்க்கிறார்கள் என்றே அவர்கள் எண்ணினர். மருத்துவர்கள் வீடு சென்றபின், அளவாகப் பெறும் குழந்தைகளின் பெட்டிகளில் சிலர் இரகசியமாக வாயுவைத் திறந்துவிட்டனர்.

இந்தப் பகுதியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. எங்களுள் ஒருவர் அந்தத் தாதியர் பக்கம். கண்ணெதிரே நீலம் பாரிக்கும் சிசுவுக்கு மூச்சைக் கூட்டிக் கொடுக்காதவள் தாதியா என்பது அவர் வாதம். மற்றவரோ, அந்தக் கருணைதான் ஆயிரக்கணக்கான கண்களைக் குருடாக்கியது, அதை நிறுத்துவதற்கு வேறு வழி எது என்றார். இன்றுவரை அவ்வழக்கில் எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதப்படவில்லை. அத்தாதியரைக் குறை கூற மட்டும் இருவருக்குமே மனமில்லை. எப்படியாயினும் பாட்ஸ் 1952இல் வெளியிட்ட முடிவு இதுதான்: மிகுதியாகப் பெற்ற 28 குழந்தைகளில் 7 பேருக்குக் கடுமையான நோய், அளவாகப் பெற்ற 37 பேரில் ஒருவருக்கும் இல்லை.

பின்னர் 18 மருத்துவமனைகள் கூடி, 1953 ஜூலை முதல் 700க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு பெரியதோர் ஆராய்ச்சி நடத்தின. எவரெட் கின்சி என்பவர் அதை ஒருங்கிணைத்தார். அறநெறி பற்றிய கலக்கம் அவர்களுக்கும் இருந்தது. ஆகவே முதல் மூன்று மாதங்களில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வழக்கமான மிகுதியைக் கொடுத்து, அதன்பின் அனைவருக்கும் குறைத்துவிட்டனர். 1954 செப்டம்பரில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான அளவு பெற்றோரில் 100க்கு 23 பேர் கண்களில் வடு. குறைவாகப் பெற்றோரில் 7 பேர். இறப்பு விகிதத்தில் பெரிய வேற்றுமை தென்படவில்லை. மருத்துவமனைகள் குழாய்களை மூடின. கொள்ளைநோயும் சட்டென்று அடங்கிற்று.

இத்துடன் கதை முடிந்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்! அந்த ஆராய்ச்சியில் ஒரு நுட்பமான இடைவெளி இருந்தது. பிறந்து 48 மணி நேரம் உயிர் தரித்த குழந்தைகளே அதில் சேர்க்கப்பட்டனர். முதல் இரண்டு நாட்களில் மூச்சுக்குப் போராடி மடிந்த பிஞ்சுகள் கணக்கிலேயே வரவில்லை. பெரிய நன்மையைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் மருத்துவ உலகம் எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும், முதல் நாளிலிருந்தே, பிராணவாயுவை இறுக்கிப் பிடித்தது. 1973இல் கென்னத் கிராஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கணக்கிட்டுப் பார்த்து, காக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பார்வைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகளின் உயிர் விலையாகியிருக்கும் என்று மதிப்பிட்டு எழுதினார். படித்துவிட்டு நாங்கள் நெடுநேரம் பேசவில்லை.

கண்ணையும் காத்து உயிரையும் காக்கும் அளவு எது என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தொடர்ந்தது. 2010இல் அமெரிக்காவில் 1,300க்கும் மேற்பட்ட மிகச் சிறு குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில், இரத்தப் பிராணவாயுவை 85 முதல் 89 வரை வைத்தபோது கடுமையான கண்நோய் பாதியாகக் குறைந்தது. ஆயின் இறப்பு 100க்கு 16இலிருந்து 20 ஆக உயர்ந்தது. 91 முதல் 95 வரை வைத்தபோது உயிர் கூடுதலாகத் தப்பியது, கண்நோய் மிகுந்தது. அதன் பிறகே பெரும்பாலான இடங்களில் 90க்கும் 95க்கும் இடைப்பட்ட எண்ணைப் பின்பற்றலாயினர். எங்கள் பேத்தியின் பெட்டிமேல் ஒளிர்ந்த அந்த எண்ணுக்குள் இத்தனை சிசுக்களின் வரலாறு அடங்கியிருந்தது. உயிரைக் காத்துக்கொண்டு, கண்ணைத் தனியே சோதித்துப் பார்த்துச் சிகிச்சை செய்வோம் என்பதே இன்றைய ஏற்பாடு.

இனி, மூச்சுக்கு நல்லது கண்ணுக்கு எவ்வாறு தீங்காகிறது என்பதைப் பார்ப்போம். கண்ணின் பின்சுவரில் மெல்லிய திரைபோல் ஒட்டியிருப்பது விழித்திரை. அதற்கு உணவூட்டும் இரத்தக் குழாய்கள் கருவில் 16ஆம் வாரமளவில் நடுவிலிருந்து முளைத்து, ஓரத்தை நோக்கிக் கொடிபோலப் படர்கின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை அவை எட்ட 36 வாரங்கள் ஆகும். காதுப் பக்கத்தை எட்டப் பத்து மாதமும் நிறைய வேண்டும். கருவறையில் பிராணவாயு மிகக் குறைவு. அந்தக் குறைவே கொடியை முன்னோக்கி இழுக்கும் தூண்டுகோல். குழந்தை முந்திப் பிறந்தால் நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றே அதன் விழித்திரைக்கு மிகுதி. அதன்மேல் குழாயிலும் வாயு வந்தால், படர்ந்துகொண்டிருந்த கொடி சுருங்கி நின்றுவிடுகிறது. இதை 1950களில் லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளைக் கொண்டு கண்டறிந்தார்.

தீங்கு அங்கு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. வாரங்கள் செல்லச் செல்ல விழித்திரை வளர்ந்து பசியெடுக்கிறது. குழாய் எட்டாத பகுதி, எனக்கு உணவில்லை என்று ஓலமிடுவது போல ஒரு பொருளைச் சுரக்கிறது. வி.ஈ.ஜி.எஃப். என்று அதற்குப் பின்னாளில் பெயர் வந்தது. அதன் அழைப்பைக் கேட்டுப் புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன. எளிதில் கசிபவை, வடுவாகிச் சுருங்குபவை. சுருங்கும்போது விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுத்துவிடுகின்றன. டெர்ரி கண்ட வெண்சவ்வு அந்தக் கடைசி நிலைதான். சர்க்கரை நோயாளிகளின் கண்ணில் இரத்தம் கசிவதும் இதே பொருளின் வேலையே. இன்று நம் ஊர்ப் பெரியவர்கள் கண்ணுக்குள் போட்டுக்கொள்ளும் ஊசி அதை அடக்கும் மருந்துதான். பூனைக்குட்டியில் தொடங்கிய ஆராய்ச்சி எங்கெல்லாம் பயன்படுகிறது, பாருங்கள்!

கவனிக்க வேண்டியது காலம். பிறந்த அன்று சோதித்தால் ஒன்றும் தெரியாது. கண் நன்றாகவே இருக்கும். நோய் முதிர்வதோ நான்காம் வாரத்திற்கு மேல், பெரும்பாலும் குழந்தை வீட்டுக்கு வந்தபின். வெளியே பார்த்தால் கண் அழகாகத் திறந்து மூடும். விழித்திரை கிழிந்து பிரிந்தபின் எந்தப் பெரிய வைத்தியரும் பெரிதாகச் செய்வதற்கில்லை. இடையில் உள்ள அந்தச் சில வாரங்களே வாய்ப்பு.

இங்கேதான் நம் வீடுகளின் வழக்கம் குறுக்கிடுகிறது. எங்கள் பேத்தி 22ஆம் நாள் வீடு வந்தாள். 26ஆம் நாள் கண் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று சீட்டில் எழுதித் தந்திருந்தனர். எங்கள் சம்பந்தி அம்மாள் பாசமிக்கவர். பிள்ளை பெட்டியில் இருந்த நாளெல்லாம் செபமாலையைக் கீழே வைத்தறியார். "நாற்பது கழியாத பிள்ளையைப் பஸ்ஸிலும் வெயிலிலும் தூக்கிப் போகவா, சம்பந்தி? நாற்பதாம் நாள் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கை வைப்போம். அதன்பின் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். கண் பளிச்சென்றுதானே இருக்கிறது!" என்றார். பச்சிளங் குழந்தையை வெளிக்காற்றுப் படாமல் காப்பது மூடத்தனமன்று. தொற்றுநோய்க்கு அஞ்சி நம் முன்னோர் வகுத்த நல்ல ஏற்பாடுதான். ஆயின் இந்த ஒரு நோய்க்கு மட்டும் அந்த நாற்பது நாளே கண்ணி. எங்கள் மருமகன் தம் தாயாரின் அருகில் அமர்ந்து, "அம்மா, அந்தப் பெட்டியில் இருக்கும்போது டாக்டர் சொன்னதைத்தானே கேட்டோம், இதையும் கேட்போம்" என்று பொறுமையாகச் சொன்னார். பிள்ளையைத் தம் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு அவ்வம்மாளே வண்டியில் முதலில் ஏறினார்.

26ஆம் நாள் பார்த்ததில், குழாய்கள் ஓரத்தை எட்டவில்லை, நோய் தொடங்கும் கோடு தெரிகிறது என்றனர். ஒரு வாரம் கழித்துப் பார்த்ததில் குழாய்கள் தடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாளுக்குள் லேசர் செய்தாக வேண்டும் என்றார் கண் மருத்துவர். 35ஆம் நாள் செய்தார்கள். நோய் அடங்கியது. பேத்தி இன்று கனத்த கண்ணாடி அணிந்திருக்கிறாள். இத்தகைய குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது சகசம். கண்ணாடியோடு எங்கள் கையெழுத்தைப் பார்த்துக் கேலி செய்யும் அளவுக்குப் படிக்கவும் செய்கிறாள்.

எங்கள் குடும்பத்துக்குக் கிட்டியது எல்லோர்க்கும் கிட்டவில்லை. தமிழகத்தில் 1996இல் 29 வாரங்களில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, இந்தக் கண் பரிசோதனை தேவை என்று சொல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அவள் இரு கண்களும் போயின. பெற்றோர் பல ஆண்டுகள் போராடினர். 2015 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அக்குழந்தைக்கு அப்போது வயது பதினெட்டு.

மேலை நாடுகளில் இன்று மிகச் சிறிய குழந்தைகளுக்கே இந்நோய் கடுமையாகிறது. நம் நாட்டிலோ ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளையும் அது பிடிக்கிறது. சிற்றூர்களில் உயிர் காக்கும் பிரிவுகள் பெருகியுள்ளன. பிராணவாயுவை அளந்து கலந்து கொடுக்கும் கருவிகள் அதே வேகத்தில் பெருகவில்லை. 2020இல் இந்தியாவில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் ஏறத்தாழ 30 லட்சம். அத்தனை பேரின் கண்ணையும் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் போதாது. கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற பணியாளர்கள் சிறப்புக் காமிராவை மாவட்டந்தோறும் எடுத்துச் சென்று, குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்துப் பெங்களூரில் உள்ள மருத்துவர்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. மருத்துவர் செல்ல முடியாத இடத்துக்குப் படமாவது செல்கிறதே!

நம் நாட்டு விதிமுறை எளியதுதான். 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தை, எதுவாயினும், பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். 28 வாரங்களுக்கு முன் பிறந்ததாயின், அல்லது 1,200 கிராமுக்குக் குறைவாயின், இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே. ஒருமுறை பார்த்து, ஒன்றுமில்லை என்றதும் நின்றுவிடக் கூடாது; குழாய்கள் ஓரத்தை எட்டிவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை, குறித்த நாளில் போய்வர வேண்டும். வீடு திரும்பும்போது தரும் சீட்டில் கண் பரிசோதனைக்கு நாள் குறிக்கப்படவில்லையெனில், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை சில நிமிட வேலை. கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விடுவார்கள். அதற்கு அரைமணியோ ஒருமணியோ காத்திருக்க வேண்டும். இமைகளை ஒரு சிறு கம்பிக் கருவியால் விலக்கிப் பிடிப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும். எங்கள் மகள் வெளியே ஓடிவிட்டாள். சம்பந்தி அம்மாள்தான் அசையாமல் நின்று தலையைப் பிடித்துக்கொண்டார். அழும்போது கக்கிவிடாதிருக்க, சோதனைக்குச் சற்று முன்பாகப் பால் கொடுக்க வேண்டா என்பர். முடிந்ததும் உடனே கொடுக்கலாம்.